கணவரின் கடிதம் வேண்டாம், துறையின் அனுமதி வேண்டும்: நான்கு நாடுகளுக்குத் தனியே புறப்படும் ஆசிரியைக்கு

தென்மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வரும் கோடை விடுமுறையில் தனியாக நான்கு நாடுகளைத் தரைவழியாகப் பார்த்துவர விரும்புகிறார். சென்னையிலிருந்து பாங்காக் வரை மட்டும் விமானம். அங்கிருந்து ரயிலில் லாவோஸ், பேருந்தில் வியட்நாம், பிறகு கம்போடியா. சியம் ரீப்பில் அங்கோர் வாட் பார்த்துவிட்டு போய்பெட் எல்லை வழியாகப் பேருந்தில் பாங்காக் திரும்பி, விமானம் ஏறி ஊர். மொத்தம் சுமார் 40 நாள்.

கேள்விகள் பல. “கணவரின் தடையில்லாச் சான்று இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்று கொழுந்தனார் சொல்கிறார், உண்மையா? எல்லா நாட்டிலும் எல்லையிலேயே விசா தருவார்களாமே? சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிட்டேன், வியட்நாமின் ஹா ஜாங் மலைப்பாதையில் ஸ்கூட்டர் ஓட்டலாம்தானே? எட்டுப் பவுன் தாலிக்கொடியோடு போகலாமா? தினமும் தூக்க மாத்திரை எடுக்கிறேன், கொண்டு போகலாமா?” கூடவே, லாவோஸின் போகியோ மாகாணத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் கற்பித்தால் தங்குமிடமும் பணமும் தருவதாக முகநூலில் அறிமுகமான ஒருவர் சொல்கிறார், அதையும் திட்டத்தில் சேர்க்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறார்.

அந்தக் கடைசி வரிக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஏன் என்பது கீழே இருக்கிறது.

யாருடைய அனுமதி?

சகோதரி, 18 வயது நிரம்பிய இந்தியப் பெண் வெளிநாடு போகக் கணவர், தந்தை, மகன் எவருடைய கடிதமும் சட்டப்படி தேவையில்லை. வெளிநாட்டுக்குப் பயணம் செய்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு மேனகா காந்தி வழக்கில் உறுதிப்படுத்தியது. குடியேற்ற அதிகாரி உங்களிடம் எங்கே, எதற்கு, எத்தனை நாள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்கலாம். கணவர் சம்மதித்தாரா என்று கேட்டாலும், அவர் கடிதம் இல்லை என்பதற்காக உங்களை நிறுத்த முடியாது.

உங்களுக்குத் தேவையான அனுமதி வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. நீங்கள் அரசு ஊழியர். சொந்தச் செலவில், கோடை விடுமுறையில் போனாலும், வெளிநாடு செல்லத் துறையின் முன் அனுமதி வேண்டும். ‘விடுமுறை நாள்தானே, விடுப்பே எடுக்கவில்லையே’ என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். திரும்பி வந்தபின் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை கையில் வரும்போதுதான் தவறு தெரிகிறது. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள். போகும் நாடுகள், தேதிகள், செலவுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அதில் கேட்கப்படும். நான்கு நாடுகளின் பெயரையும் எழுதுங்கள். கோப்பு மேசை மேசையாக நகரும் வேகம் உங்களுக்கே தெரியும், எனவே மூன்று மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். அனுமதி ஆணை கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் எடுக்காதீர்கள்.

கடைசி எல்லையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள் திட்டத்தை

தரைவழிப் பயணத்தை எல்லோரும் முதல் ஊரிலிருந்து திட்டமிடுகிறார்கள். முதல் நாட்டில் தவறினால் இரண்டு நாள்தான் வீணாகும். கடைசி எல்லையில் தவறினால் திரும்பும் விமானம், வேலை, அனுமதி ஆணையின் தேதி எல்லாமே சரியும். உங்கள் திட்டத்தின் பலவீனமான இடம் சரியாக அங்கேதான் இருக்கிறது.

போய்பெட் வழியை மறந்துவிடுங்கள். 2025 மே மாதம் தாய்லாந்து, கம்போடியப் படைகள் எல்லையில் மோதிக்கொண்டன. ஜூன் மாதம் தரைவழிக் கடவைகள் மூடப்பட்டன. ஜூலையிலும் டிசம்பரிலும் பெரிய சண்டையே நடந்தது. போய்பெட் மட்டுமல்ல, கடலோரக் கோ காங் வழியும் இதில் அடங்கும். நீங்கள் கிளம்பும் நேரத்தில் கதவு திறந்திருந்தாலும், ஒரே இரவில் மறுபடி மூடக்கூடிய எல்லையை நம்பித் திரும்பும் விமானத்தைப் பதிவு செய்யக்கூடாது. இணையத்தில் கிடக்கும் பழைய பயணக் குறிப்புகள் இந்தப் பேருந்தைத்தான் இன்றும் பரிந்துரைக்கின்றன.

தரையிலேயே திரும்ப வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் ஒரு வழி உண்டு. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னிலிருந்து வடக்கே ஸ்டங் டிரெங், அங்கிருந்து மறுபடி லாவோஸுக்குள் நுழைந்து பாக்சே, பிறகு வாங் தாவோ எல்லை வழியாகத் தாய்லாந்தின் உபோன் ராட்சதானி, அங்கிருந்து இரவு ரயிலில் பாங்காக். இதற்கு இரண்டாவது லாவோஸ் விசா வேண்டும், குறைந்தது நான்கு நாள் கூடுதலாக வேண்டும். முதல் பயணத்திலேயே இதை நான் சொல்லமாட்டேன். சியம் ரீப்பிலிருந்தோ புனோம் பென்னிலிருந்தோ கோலாலம்பூர் வழியாகச் சென்னைக்கு விமானம் ஏறுவதே உங்களுக்கு நல்லது. இரண்டு ஊர்களிலும் விமான நிலையம் புதிது: சியம் ரீப்பில் 2023 அக்டோபரிலும், புனோம் பென்னில் 2025 செப்டம்பரிலும் திறந்தார்கள். இரண்டுமே நகரத்தை விட்டுத் தள்ளி இருப்பதால், பழைய கணக்கில் அரை மணி முன்னால் கிளம்பினால் விமானம் போய்விடும்.

அந்த விமானத்தை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். மலிவு என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால், கோலாலம்பூரில் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும். அதாவது நீங்கள் மலேசியாவுக்குள் நுழைந்ததாகப் பாஸ்போர்ட்டில் முத்திரை விழும். துறை அனுமதியில் அந்த நாட்டின் பெயர் இருக்காது. பள்ளி திறக்கும் நாளுக்கும் நீங்கள் வந்திறங்கும் நாளுக்கும் இடையே நான்கு நாள் விடுங்கள்.

விசா: எந்த வாசல் என்பதுதான் கேள்வி

‘எல்லையில் விசா தருவார்கள்’ என்பது பாதி உண்மை. வியட்நாமின் தரை எல்லையில் உங்களுக்கு விசா கிடைக்காது, முன்கூட்டியே வாங்க வேண்டும். மற்ற நாடுகளில் சில வாசல்களில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது.

தாய்லாந்து: 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் வரை விசா விலக்கு தந்தார்கள். இந்தச் சலுகையைக் குறைப்பது பற்றிப் பேச்சு இருந்துகொண்டே இருப்பதால், டிக்கெட்டுக்கு முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே முதல் ஒவ்வொரு நுழைவுக்கும் முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் போலி. கையிருப்புக்குச் சான்றாக 20,000 பாட் காட்டச் சொல்லும் உரிமையும் அதிகாரிக்கு உண்டு.

உங்களிடம் பாங்காக்கிலிருந்து திரும்பும் டிக்கெட் இருக்காது என்பதால், உண்மையான சோதனை சென்னை விமான நிறுவன மேசையில்தான். நுழைவு மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. அதனால் அங்கிருப்பவர்கள் கறாராக இருப்பார்கள். கம்போடியாவிலிருந்து சென்னை திரும்பும் டிக்கெட், லாவோஸ் மின் விசா, பாங்காக்கிலிருந்து தாய்லாந்து எல்லை ஊரான நோங் காய் செல்லும் ரயில் டிக்கெட் மூன்றையும் அச்செடுத்து ஒரே உறையில் வையுங்கள். காசு கொடுத்துப் பொய்யான டிக்கெட் வாங்கிக் காட்டும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

லாவோஸ்: மின் விசா 50 டாலர், 30 நாள் தங்கலாம், ஒப்புதல் கிடைத்து 60 நாளுக்குள் நுழைய வேண்டும். குறிப்பிட்ட சில வாசல்களில் மட்டுமே செல்லும். நோங் காய்க்கும் லாவோஸ் தலைநகர் வியன்டியனுக்கும் இடையே மேகாங் ஆற்றில் உள்ள முதல் நட்புப் பாலம் அதில் ஒன்று. 2024 ஜூலை முதல் பாங்காக் ரயில் ஆற்றைத் தாண்டி வியன்டியன் வரையே போகிறது என்றாலும், நீங்கள் இரவு ரயிலில் வந்து காலையில் நோங் காயில் இறங்கி, பாலத்துப் பேருந்தில் கடப்பதே நிச்சயமான வழி. பாலத்தில் நடக்க விடமாட்டார்கள். இரவு ரயிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமான பெட்டி இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள், சில புதிய வண்டிகளில் உண்டு.

வியட்நாம்: 2023 ஆகஸ்ட் முதல் மின் விசா 90 நாள் வரை கிடைக்கிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. நீங்கள் 18 நாள்தான் தங்கப் போகிறீர்கள் என்று 18 நாளுக்கு மட்டும் கேட்காதீர்கள். கட்டணம் ஒன்றுதான். திட்டமிட்ட நாளுக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி, கிளம்பும் நாளுக்குப் பத்து நாள் பின்பு முடியும்படி கேளுங்கள். தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் எல்லையில் திருப்பி அனுப்புவார்கள், வெற்று எல்லைக் கிராமத்தில் இரவு கழிக்க நேரும். நுழையும் வாசல், வெளியேறும் வாசல் இரண்டையும் படிவத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 ஜூலையில் வியட்நாம் தன் 63 மாகாணங்களை 34 ஆகச் சுருக்கிவிட்டது. எனவே மாகாணப் பெயரைத் தேடிக் குழம்பாமல் வாசலின் பெயரைப் பாருங்கள்.

கம்போடியா: சுற்றுலா மின் விசா 30 டாலர் அளவில், 30 நாள் தங்கலாம், வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் செல்லும். இரண்டு பிரதி அச்செடுங்கள், ஒன்று நுழையும்போது, ஒன்று வெளியேறும்போது. ஹோ சி மின் நகரத்திலிருந்து வரும் பேருந்து வியட்நாம் பக்கம் மோக் பாய், கம்போடியப் பக்கம் பாவெட் வழியாகக் கடக்கும். பேருந்து உதவியாளர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் விசாப் பணத்தையும் சேர்த்து வாங்குவார். உங்களிடம் விசா இருக்கிறது என்று அச்சுப் பிரதியைக் காட்டுங்கள், பணம் தர வேண்டியதில்லை.

இந்த மூன்று மின் விசாக்களுக்கும் மார்ச் 20க்கும் ஏப்ரல் 10க்கும் இடையில் விண்ணப்பியுங்கள். நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வரும் அதே நாட்களில்தான் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றிலும் புத்தாண்டு. அலுவலகங்கள் மூடிவிடும். வியட்நாமில் ஏப்ரல் 30, மே 1 பெரிய விடுமுறை, அந்த வாரம் ரயிலில் இடமே கிடைக்காது. நீங்கள் ஏப்ரல் 26 வாக்கில் கிளம்பி, மே 10 வாக்கில் வியட்நாமுக்குள் நுழைந்தால் இரண்டு நெரிசலும் உங்களைத் தொடாது. அரசுத் தளங்களின் முகவரியில் லாவோஸ், வியட்நாம், கம்போடியா மூன்றுக்கும் ஜி-ஓ-வி என்ற எழுத்துகளும், தாய்லாந்துக்கு ஜி-ஓ என்ற எழுத்துகளும் நாட்டுக் குறிக்கு முன்னால் இருக்கும். அவை இல்லாத தளம் இடைத்தரகர்.

இனி நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று. தமிழ்ப் பாஸ்போர்ட்டுகள் பலவற்றில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், உங்களுடையதும் அப்படித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். படிவம் கேட்கிறதே என்று கணவர் பெயரைச் சேர்க்காதீர்கள், முன்னெழுத்தை விரித்து எழுதாதீர்கள். புகைப்படப் பக்கத்தின் அடியில் குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதில் பெயர் எப்படி எந்த வரிசையில் இருக்கிறதோ அதே எழுத்துகள்தான் விசாவிலும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் திருத்தம் கிடையாது, மறுபடி பணம் கட்டிப் புது விண்ணப்பம்தான். பாஸ்போர்ட் நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும், நான்கு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

லாவோஸிலிருந்து வியட்நாமுக்கு வியன்டியன்-ஹனோய் பேருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ 24 மணி நேரம். நள்ளிரவில் எல்லைக்கு வந்து, காலையில் வாசல் திறக்கும்வரை இருட்டில் நிற்கும் வண்டி அது. தனியாகப் போகும் எவருக்கும் அதைச் சொல்லமாட்டேன். 2021 டிசம்பரில் தொடங்கிய லாவோஸ்-சீன ரயிலில் வியன்டியனிலிருந்து லுவாங் பிரபாங் இரண்டு மணி நேரம்தான். அங்கே சில நாள் தங்கி, அதே ரயிலில் முவாங் சாய் போய், மறுநாள் பகல் பேருந்தில் தை சாங் வாசல் வழியாக தியன் பியன் ஃபூ சேருங்கள். அந்த வாசல் மின் விசாவை ஏற்கும் பட்டியலில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் பைகளைச் சோதித்துக் கத்தரிக்கோல், கத்தி, கொசு விரட்டி ஸ்பிரே, வாசனை ஸ்பிரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். களிம்பாகக் கொண்டு போங்கள்.

ஹா ஜாங்கும் உங்கள் ஓட்டுநர் அனுமதியும்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீங்கள் வாங்கியது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி தரப்படும் அனுமதி. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி தரப்படுவதை. அதாவது தாய்லாந்தில் செல்லும் உங்கள் அட்டை, ஹா ஜாங்கில் வெறும் காகிதம். வண்டி வாடகைக்கு விடுபவர் இதைச் சொல்லமாட்டார், அவருக்கு வண்டி போனால் போதும். ‘போலீஸ் பிடித்தால் கொஞ்சம் பணம் கொடுத்தால் போதும்’ என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது இப்போது பொருந்தாது. 2025 ஜனவரி முதல் அபராதங்கள் கடுமையாகிவிட்டன.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், மருத்துவச் செலவைத் தர நிறுவனம் மறுக்கலாம், மறுப்பு சட்டப்படி நிற்கும். எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை, பிறகு படுக்கை நிலையில் விமானப் பயணம் எல்லாம் உங்கள் சேமிப்பிலிருந்து போகும். எதிரில் வந்தவருக்கு அடிபட்டால் வழக்கு முடியும்வரை நாட்டை விட்டே வெளியேற முடியாத நிலையும் வரலாம். 50 சிசிக்குக் குறைந்த வண்டிக்கு அங்கே உரிமம் தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த மலைக்கு அந்த வண்டி போதாது. உள்ளூர் ஓட்டுநர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு அங்கே பரவலாக உண்டு, ஈஸி ரைடர் என்று கேட்டால் காட்டுவார்கள். கைப்பிடியைப் பார்க்கும் வேலை இல்லாததால் பள்ளத்தாக்கையும் நன்றாகப் பார்க்கலாம். பின்னிருக்கைப் பயணத்துக்குக் காப்பீடு உண்டா என்று பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். எந்த நாட்டிலும் வாடகை வண்டிக்குப் பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள்.

காப்பீட்டை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். தூக்க மாத்திரை எடுப்பதை மறைக்காமல் எழுதுங்கள். லாவோஸில் கடுமையான நோய் என்றால் ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் ஊடோன் தானிக்குத்தான் கொண்டு போவார்கள், ஆகவே வேறு நாட்டுக்கு மாற்றிச் சிகிச்சை தரும் செலவு பத்திரத்தில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

போகியோ வேலை

தாய்லாந்து, மியான்மர், லாவோஸ் மூன்றும் கூடும் முக்கோணத்தில், போகியோ மாகாணத்தில், தங்க முக்கோணச் சிறப்புப் பொருளாதார மண்டலம் இருக்கிறது. அங்கிருந்து இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய இந்தியர்களை வியன்டியன் இந்தியத் தூதரகம் பலமுறை மீட்டிருக்கிறது, இத்தகைய வேலைகளை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தும் வருகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஆங்கிலம் தெரிந்தவர், தனியாக வருபவர், சுற்றுலா விசாவில் வருபவர்: அவர்கள் தேடும் ஆள் இப்படித்தான் இருப்பார். முதலில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள், பிறகு கடன் கணக்குக் காட்டுவார்கள். உங்களிடம் பேசியவர் நல்லவராகவே இருந்தாலும், சுற்றுலா விசாவில் ஊதியம் பெறுவது லாவோஸில் குற்றம். அரசு ஊழியரான உங்களுக்கு இங்கேயும் அது நடத்தை விதி மீறல். அவருக்குப் பாஸ்போர்ட் படம் அனுப்பியிருந்தால் தொடர்பை உடனே துண்டித்து, உரையாடலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் தெரிவியுங்கள்.

நகை, பணம், மாத்திரை

தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் போய்வாருங்கள். நகையோடுதான் போவேன் என்றால், கிளம்பும் நாளில் சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அது இங்கிருந்தே போன நகை என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை கொண்டு போகலாம். அவ்வளவு வேண்டாம், 600 டாலர் போதும், மீதி அட்டையில். மடிப்பும் கிழிசலும் உள்ள டாலரைக் கம்போடியாவில் வாங்கமாட்டார்கள், புது நோட்டாகவும் ஒன்று, ஐந்து, இருபது என்று சில்லறையாகவும் கேட்டு வாங்குங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். தாய்லாந்து ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேலும் கட்டணம் பிடிக்கும், அதனால் சிறு சிறு தொகையாக எடுக்காதீர்கள். ‘ரூபாயில் கணக்கிடவா’ என்று திரை கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்கு நட்டம். லாவோஸ் நாணயமான கிப்பை எல்லை தாண்டினால் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். இந்திய சிம்மில் ரோமிங் இருக்கட்டும், வங்கியின் ஓடிபி அதில்தான் வரும்.

தூக்க மாத்திரையை 30 நாளுக்கு மேல் தாய்லாந்துக்குள் கொண்டு போக முடியாது, மற்ற நாடுகளின் வரம்பு இன்னும் குறைவாக இருக்கலாம். நீங்கள் குறிப்பிட்ட அல்ப்ராசோலம் அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. மருந்தின் பொதுப்பெயர், அளவு, காரணம் எழுதிய மருத்துவரின் ஆங்கிலக் கடிதம் வேண்டும், மாத்திரை அட்டையிலிருந்து பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும். 40 நாள் பயணம் என்பதால் இன்றே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள், இத்தனை நாளுக்கு வேறு மருந்தோ குறைந்த அளவோ போதுமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தானாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் உடல் தாங்காது.

பாஸ்போர்ட் தொலைந்தால், காவல் நிலையப் புகார் நகலோடு அந்நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். பாங்காக், வியன்டியன், ஹனோய், புனோம் பென் நான்கிலும் தூதரகம் உண்டு, ஹோ சி மின் நகரத்தில் துணைத் தூதரகம் உண்டு. அவர்கள் தரும் அவசரச் சான்று இந்தியா திரும்ப மட்டுமே உதவும், அதன் பிறகும் அந்நாட்டுக் குடியேற்றத் துறையிடம் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். பாஸ்போர்ட், விசாக்கள், துறை அனுமதி ஆணை, காப்பீட்டுப் பத்திரம் நான்கின் நகலையும் கணவரிடம் ஒரு கட்டாகக் கொடுத்துவிடுங்கள். எந்த நாளில் எந்த எல்லையைக் கடக்கிறீர்கள் என்ற தாளை அதன் மேலே வையுங்கள். கடந்ததும் ஒரு குறுஞ்செய்தி, 24 மணி நேரத்தில் அது வராவிட்டால் எந்தத் தூதரகத்தை அழைப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.